காதுக்குள் ஒரு குருதிப்பட்டை

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில், உயிரியல் பிரிவில் கற்றவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



உயர்தர விலங்கியல் வகுப்பில் நாங்கள் மனனம் செய்த வாக்கியம் ஒன்று உண்டு: மேலணி இழையத்தில் குருதிக்கலன் இல்லை. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைத்தது. பின்னர் பேராதனை மருத்துவபீடத்தில், நுணுக்குக்காட்டியின் கீழ் உட்செவியின் வெட்டுமுகத்தைப் பார்த்தபோது அந்த வாக்கியம் பொய்த்தது. நத்தையோடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழாய். அதன் வெளிச்சுவரில் மூன்றடுக்குக் கலங்களாலான மெல்லிய பட்டை. அந்தக் கலங்களுக்கிடையே மயிர்த்துளைக் குழாய்கள் பின்னிக் கிடந்தன. இத்தாலியரான அல்பொன்சோ கோர்ட்டி 1851இல் விவரித்த பட்டை அது.

ஒலியை உணரும் மயிர்க்கலங்களை ஒட்டிக் குருதி ஓடினால் நாடித்துடிப்பே இரைச்சலாகிவிடும் என்பார்கள். ஆகவே குருதி சற்றுத் தள்ளியே நிற்கிறது. பட்டை, பொற்றாசியம் நிறைந்த திரவத்தைக் குழாய்க்குள் பேணி, ஏறத்தாழ 80 மில்லிவோல்ற்று மின்னழுத்தத்தையும் தருகிறது. பற்றரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி இறங்கினால் மயிர்க்கலம் இருந்தும் பயனில்லை.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறோம்? எங்கள் தோழி ஒருத்தியின் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது. வயிற்றுப்பிள்ளையோடு பெரஹரா பார்க்கப் போனதால், மேளச்சத்தத்தில் பிள்ளையின் காது அடைத்துவிட்டது என்று உறவினர் தாயைக் குற்றஞ்சாட்டினார்கள். இரண்டாம் மாதத்தில் மூன்று நாள் இலேசான காய்ச்சலும் தடிப்பும் வந்துபோனதை யாரும் பொருட்படுத்தவில்லை. மருத்துவர் ஒருவர் கேட்டறிந்தபோது பிள்ளைக்கு ஆறு வயது. அந்த அம்மா அதற்குப் பிறகும் பெரஹராவுக்குப் போகவில்லை.

ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, தாய்க்குச் சிறு நோய்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் சிசுவின் கண், இதயம், காது மூன்றையும் தாக்கக்கூடும். காதில் பழுதாகும் இடங்களில் இந்தப் பட்டை முக்கியமானது. அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிறெக் 1941இல் முதலில் கண்டது கண்புரையைத்தான். காதுகேளாமை சற்றுப் பின்னரே தெரியவந்தது. நம் நாட்டில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இத்தடுப்பூசி 1996இல் அறிமுகமானது. அதற்கு முன் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர்!

உலகெங்கும் இருக்கும் நம் சகோதரிகள், மகளின், மருமகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கர்ப்பமான பின் இந்த ஊசி போடமாட்டார்கள். போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் குருதிப் பரிசோதனை இருக்கிறது.