திறப்பு விழாவுக்குப் பிறகு



சுற்றுச்சூழல் பொறியியல் கல்வியைப் பற்றிப் பேசும் இம்மாநாட்டுக்குச் சென்னையும் கோவையும் இருக்கத் தீர்த்தமலை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இம்மலையில் இராமர் தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம் என்று பாறையில் சுரக்கும் நீரை மக்கள் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள், குடத்தில் பிடித்துப் போகிறார்கள். இதே தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரைச் சோதித்தால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி ஃப்ளூரைடு நிற்கிறது. நம் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தண்ணீருக்கு நிறமில்லை, வாடையில்லை. காய்ச்சினாலும் ஃப்ளூரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அபடைட், பயோடைட் போன்ற பாறைக் கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் படியாமல் கரைந்தே இருந்துவிடுகிறது. மழை பொய்த்துப் போரை ஆழப்படுத்தும்போது, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர் மேலே வருகிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்கும் கேடு, பல ஆண்டுகள் குடித்தவர்களின் முதுகையும் மூட்டுகளையும் இறுக்கிவிடுகிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். பாறையியல், வேதியியல், மருத்துவம், ஊராட்சி நிர்வாகம் எல்லாம் ஒரே குடத்துக்குள் சந்திக்கும் சிக்கல் இது.

தீர்வு தேடாமல் யாரும் இருக்கவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளூரைடை நீக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கியது. செலவு குறைந்த முறைதான். ஆனால் நாள்தோறும் சரியான அளவில் யார் கலப்பது, அடியில் தங்கும் சேற்றை எங்கே கொட்டுவது? பிறகு ஜப்பானியக் கடனுதவியோடு, ரூ.1,928.80 கோடியில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்த அரும்பணி அது. அதில் உழைத்த ஒவ்வொரு பொறியாளரையும் இந்த அவையில் வணங்குகிறேன்.

என் கவலை திறப்பு விழாவுக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியது. நெடுந்தொலைவுக் குழாய் உடையலாம், மின்சாரம் தடைபடலாம், கடைமடை ஊருக்கு அழுத்தம் போதாமல் போகலாம். காவிரித் தண்ணீர் வராத நாளில் ஊர் போர்வெல்லுக்குத் திரும்பும். இரண்டையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்தால், குழாயில் வருவது எது என்பது அளந்தால்தான் தெரியும். நம் பாடத்திட்டமோ சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கச் சொல்லித் தரும் அளவுக்கு, அதை இருபது ஆண்டுகள் ஓட்டச் சொல்லித் தருவதில்லை. டேங்க் ஆபரேட்டரோடு ஒரு வாரம்கூட நிற்காமல் பட்டம் பெறுவது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிவில் படித்துவிட்டு முதுகலையில் இத்துறைக்கு வருவோரும் பலர். குடிநீர் வடிகால் வாரியம், 1982இல் தோன்றிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சிகள் ஆகியவை அரசுப் பக்கம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, குப்பை மேலாண்மை, வளைகுடா நாடுகளின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று தனியார் பக்கமும் வாசல்கள் உண்டு. திருப்பூரை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மீண்டும் திறக்க, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் இரவு பகலாக ஓடியாக வேண்டிய நிலை வந்தது. ஓட்டத் தெரிந்தவருக்கு அங்கே தேவை தீரவில்லை.

ஆகவே இம்மாநாட்டின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு துறையும் இம்மாவட்டத்தில் ஓர் ஊராட்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். கோடையிலும் மழைக்குப் பின்னும் போர், தொட்டி, கடைசித் தெருக்குழாய் மூன்றிலும் மாதிரி எடுத்து, முடிவைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டட்டும். அந்தப் பணிக்கு மதிப்பெண்ணும் தரப்பட வேண்டும். இதைத் தீர்மானமாக்குவது குறித்து மாலை அமர்வில் விவாதிப்போம். நிலத்தடி நீர் ஆய்வுக் கட்டுரைகளோடு முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.