மோட்டார் சைக்கிளும் ஒப்புரவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





சமய விழா மேடையிலே மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று பெரியோர் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. அந்தப் புன்னகை நியாயமானதே. ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். நமது ஆலயங்களிலே திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தை உற்று நோக்குங்கள். நால்வருள்ளே அவர் ஒருவரிடத்திலேதான் ஒரு தொழிற்கருவியைக் காண்கின்றோம். ஆலய முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரம் அது. பாடிய நாவைப் போற்றிய நம் முன்னோர் பணி செய்த கையையும் மறவாது போற்றினர். ஆகையால், ஒயில் கறை படிந்த கையோடு நாங்கள் இங்கு வந்து நிற்பதும் முற்றிலும் பொருந்தாத காரியம் அன்று எனக் கருதுகின்றோம்.

எங்கள் ஊர் வாசிகசாலையின் முற்றத்திலே ஒரு வேப்பமரம் நிற்கின்றது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த நிழலிலே ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து கூடும். பல்கலைக்கழகத்திற் படிக்கும் நாங்கள் சிலர், கமக்காரர் சிலர், கடையிலே வேலை செய்வோர் சிலர், இளைப்பாறிய ஐயாமார் இருவர் மூவர். ஒருவர் செயினைக் கழுவுவார், ஒருவர் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவார், இன்னொருவர் அருகிருந்து பார்த்துப் பழகுவார். கூலி கிடையாது. தேநீர் மட்டும் உண்டு. தம் சொந்த வாகனத்தைத் தாமே பராமரிக்கக் கற்றுக்கொள்வதும், கற்றதை அயலவனுக்குக் காட்டிக்கொடுப்பதுமே இக்கூட்டத்தின் நோக்கம். இதிலே நாங்கள் கண்ட நன்மையையும், விட்ட ஒரு பெரும் பிழையையும், அப்பிழை கற்பித்த பாடத்தையும் இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

இப்பழக்கம் எங்கள் தலைமுறையின் கண்டுபிடிப்பு அன்று. 1990ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தைப் பெரியோர் அறிவர். நாங்கள் கேள்வியால் மாத்திரம் அறிவோம். அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே இலகுவில் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலிலே காப்பாற்றி வைத்த சில துளி பெற்றோலை விட்டு முதலில் எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கண்ணை எரிக்கும். பிளக்கிலே கரி படியும். வழியில் நின்றால் கழற்றித் துடைத்துப் பூட்டவேண்டும். புதிய உதிரிப்பாகம் வாங்க வழியில்லை. அந்த நிலையிலே ஒருவர் கண்ட உபாயம் மறுநாளே அடுத்த ஒழுங்கைக்குப் போயிற்று. ஒருவர் அறிந்ததை ஒளித்திருந்தால் ஊரே நடந்திருக்கும்!

எங்கள் தலைமுறைக்கும் அத்தகைய பாடம் ஒன்று வந்தது. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடையிலே 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி. நீண்ட வரிசைகளையும், பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியதையும் நாம் மறக்கவில்லை. புதியது வாங்க முடியாதபோது பழையதைப் பேணத்தான் வேண்டும். வடிகட்டியிலே தூசி அடைத்து, செயின் காய்ந்து, ரயரிலே காற்றுக் குறைந்து ஓடும் வாகனம், உள்ள 4 லீற்றரையும் வீணாக்கும் என்பதை அப்போது எல்லாரும் உணர்ந்தனர். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த வருஷத்திலேதான் பிறந்தது.

வீட்டிலே செய்யத்தக்க வேலைகள் எவை? அவை பலர் அஞ்சுமளவுக்குக் கடினமானவை அல்ல. முதலாவது, வாரம் ஒருமுறை, ரயர் சூடேறுமுன்னர் காற்றைப் பார்த்தல். இரண்டாவது, செயின். இரு பற்சில்லுகளுக்கும் நடுவே விரலால் அதனை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறு மோட்டார் சைக்கிள்களில் அது 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆடலாம். உங்கள் வாகனத்தின் கைநூல் கூறும் அளவே முடிவான அளவு. கூடத் தளர்ந்தால் கழன்று விழும். கூட இறுகினால் பெயாரிங்கைத் தின்னும். செயினைத் துடைக்கும்போது எஞ்சின் நின்றிருக்கவேண்டும். ஓடவிட்டுத் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. மூன்றாவது, எஞ்சின் ஒயில். சிறு வாகனங்கள் பலவற்றுக்கு ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயிலே போதும். அந்தச் சிறிதளவும் வற்றிவிட்டால், பெரும் பணம் பெறும் எஞ்சின் ஒரே நாளில் இறுகிப்போகும். நான்காவது, காற்று வடிகட்டி. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடுவோர் அதனை அடிக்கடி திறந்து பார்ப்பது நன்று.

ஐந்தாவது பிளக். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல, அறிந்தவர் பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் சுகத்தைச் சொல்வார். மண்ணிறமாயிருந்தால் சுகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதியாகவோ காற்றுக் குறைவாகவோ போகின்றது. வெளிறிப்போயிருந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறுகின்றது. ஒயில் நனைந்திருந்தால் நோய் உள்ளே இருக்கின்றது. அதற்கு மெக்கானிக்கிடம் போகவேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்திலே பழகிய ஐயா ஒருவர் எங்களுக்கு இதனைக் கற்பித்தார். நீண்ட ஸ்குறூ ட்றைவரின் நுனியை எஞ்சினிலே வைத்து, பிடியைத் தம் காதோடு சேர்த்து, உள்ளே எது தட்டுகின்றது என்று அவர் சொல்வார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இனி, எங்கள் பிழையைச் சொல்லவேண்டும்.

அயலிலே ஓர் அண்ணன்; மூன்று பிள்ளைகளின் தகப்பன். விடியற்காலையிலே மரக்கறி மூட்டையை மோட்டார் சைக்கிளிற் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பிழைப்பவர். ஒரு ஞாயிறு பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது என்று எங்களிடம் கொண்டுவந்தார். நால்வர் சேர்ந்து சில்லைக் கழற்றினோம், ஒட்டுப் போட்டோம், பூட்டினோம். கதையும் சிரிப்புமாக அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பின் பிறேக்கின் தட்டைச் சட்டத்தோடு பிணைத்து நிற்கும் ஓர் இரும்புப் பட்டை உண்டு. அதன் நட் கழன்று விடாதபடி சிறு பின் ஒன்று கோத்திருக்கும். அந்தப் பின்னை நாங்கள் கோக்கவில்லை. நட்டையும் விரலால் முடுக்கியபடியே விட்டிருக்கவேண்டும். மறுநாட் காலை சந்திக்குக் கிட்ட அவர் பிறேக்கை மிதித்தபோது பட்டை விலகி, தட்டுச் சுழன்று, சில்லு இறுகி, மூட்டையோடு தெருவில் விழுந்தார். பின்னால் வாகனம் எதுவும் வராதது இறைவன் கருணை. மணிக்கட்டு முறிந்தது. ஒரு மாதத்திற்கு மேல் அவரால் தொழிலுக்குப் போக இயலவில்லை.

அன்று மாலை நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கினோம். யார் அதனை முடுக்கியது? நான் அல்ல, நீ என்று நினைத்தேன் என்றே ஒவ்வொருவரும் சொன்னோம். எல்லாரும் கை வைத்த வேலை ஒருவரும் பொறுப்பேற்காத வேலையாய் முடிந்தது. அறிவில்லாமையால் நேர்ந்த பிழை அன்று இது. நல்ல காரியம்தானே செய்கின்றோம் என்ற நினைவு எங்கள் கவனத்தை மழுக்கிவிட்டது. கூலி வாங்குபவன் தன் பெயர் கெடுமே என்று அஞ்சுவான். கூலியில்லாமற் செய்பவனுக்கு அந்த அச்சமும் இல்லாது போகலாம். இலவசமாகச் செய்த உதவி என்பதனால் முறிந்த எலும்பு நோகாமல் விடுமா?

அவர் குணமாகும் வரை, முறை வைத்து அவருடைய மரக்கறியைச் சந்தைக்கு நாங்கள் கொண்டுபோனோம். அது தருமம் அன்று; கடன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடுவதென்றே முடிவு செய்திருந்தோம். அதனைக் கேள்விப்பட்டு, கையிலே மாவுக்கட்டோடு அந்த அண்ணனே வேப்பமரத்தடிக்கு வந்தார். "தம்பிமார், பிழை விடாதவன் ஒருத்தனும் இல்லை. ஒருத்தன் பூட்டினதை இன்னொருத்தன் பாக்கவேணும், அவ்வளவுதான். அதுக்காக இதை நிப்பாட்டிப் போடாதேங்கோ. என்ரை மோட்டச்சைக்கிளைத்தான் முதலிலை பாருங்கோ" என்றார். அதனினும் பெரிய மன்னிப்பை நாங்கள் எங்கும் பெறப்போவதில்லை.

அன்றைக்கே சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒரு வேலைக்கு ஒருவரே பொறுப்பாளி, மற்றவர் உதவியாளர். கழற்றும் பாகங்களை ஒரு வெள்ளைத் துணியிலே கழற்றிய வரிசைப்படி வைக்கவேண்டும்; துணி வெறுமையான பின்னரே வேலை முடிந்தது என்க. வேலையிற் கலவாத ஒருவர் ஒவ்வொரு நட்டையும் மீண்டும் சோதிக்கவேண்டும். வாகனத்துக்குரியவர் தம் கையாலும் தொட்டுப் பார்க்கவேண்டும். அவர் முன்னிலையில் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. சில்லையோ பிறேக்கையோ தொட்டிருந்தால் ஒழுங்கையிலே மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்த பின்னரே தெருவுக்கு விடலாம். எங்கள் அறிவுக்கு எட்டாததை எட்டாது என்று வெளிப்படையாகச் சொல்லி மெக்கானிக்கிடம் அனுப்பவேண்டும்.

இந்த இடத்திலே ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுகின்றோம். மெக்கானிக்மாரின் பிழைப்பிலே நாங்கள் மண் போடுகின்றோமா என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை. எஞ்சின் முற்றாய்ப் பழுதாகும் வரை பார்த்திருந்து, பின் செலவுக்கு அஞ்சி வாகனத்தை மூலையிலே சார்த்துபவரால் மெக்கானிக்குக்கு என்ன இலாபம்? நோயை முன்னரே கண்டு அவரிடம் அனுப்புகின்றோம். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரே இப்போது ஓய்வான ஞாயிறுகளில் வந்து எங்கள் வேலையைச் சோதித்துக் கொடுக்கின்றார்.

இன்னொரு காரியம் நமது மண்ணைப் பற்றியது. யாழ்ப்பாணத்திற்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிற்கும் மழைநீரே நம் கிணறுகளின் முதல். நிலத்திலே ஊற்றியது அந்த நீரையும் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நம்மையெல்லாம் கலக்கியது அன்றோ? ஆதலால் வடித்த பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றுவதை நாங்கள் அடியோடு தடுத்துவிட்டோம். மூடியுள்ள கலனிலே சேர்த்து, பழைய ஒயில் எடுப்போரிடம் ஒப்படைக்கின்றோம். அயலவனுக்கு உதவி செய்து, அவன் கிணற்றைக் கெடுப்பது எவ்வகையில் உதவியாகும்?

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்று நம் ஊர்களிலே பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் மோட்டார் சைக்கிளிலே போகும் பெண்கள் பலர். யுத்தத்தின் பின் தனியே குடும்பம் தாங்கும் தாய்மாரும் அவர்களுள் இருக்கின்றனர். வழியிலே நின்றுவிட்டால் யாரைக் கேட்பது என்ற தயக்கம் அவர்களுக்கு மிகுதி. தொடக்கத்தில் நாங்கள் வாகனத்தை வாங்கித் திருத்திக் கொடுத்துவிடுவோம். ஓர் அக்கா ஒருநாள், "திருத்தித் தர வேண்டாம் தம்பி, காட்டித் தாங்கோ" என்றார். அவர் சொன்னதே சரியான வழி. திருத்திக் கொடுத்தால் அடுத்த பழுதுக்கும் அவர் எங்களைத் தேடி வரவேண்டும். காட்டிக் கொடுத்தபடியால், அவரே இன்று மற்றப் பெண்களுக்குப் பிளக்கைக் கழற்றிக் காட்டுகின்றார்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். செய்தல் என்னாது அறிதல் என்று ஏன் வைத்தார் என்பதை நாங்கள் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. உதவி செய்ய மனம் மட்டும் போதாது. அதனைச் செய்யும் முறையும் அறிந்திருக்கவேண்டும் என்று ஒரு சிறு பின் எங்களுக்கு உணர்த்திவிட்டது.

முடிவாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். சங்க மண்டபத்தின் ஒரு மூலையிலே ஒரு அலுமாரி தாருங்கள். அதிலே ஒரு தொகுதி ஸ்பனர், ஒரு குறடு, ஒரு காற்றுப் பம்பி, ஒட்டுப் போடும் சாமான், ஒரு வெள்ளைத் துணி, இன்னது யார் செய்தார், யார் சோதித்தார் என்று எழுத ஒரு கொப்பி. இவ்வளவே வேண்டும். ஐயாமார் தம் அனுபவத்தைத் தாருங்கள். இளைஞர் கையைத் தருவோம்.

திங்களூரிலே அப்பூதியடிகள், வழிச்செல்வோர் தாகந்தீரத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்குத் திருநாவுக்கரசர் பெயரையே சூட்டினார் என்று பெரியபுராணம் கூறும். வந்தவர் யார், எவ்வூர் என்று அந்தப் பந்தல் கேட்டதில்லை. தெருவோரத்திலே மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்த்துப் போகும் ஒருவரைக் கண்டால், நமது இளைஞர் ஒருவர் நிறுத்தி, "என்ன அண்ணை, என்ன பிழை?" என்று கேட்பாராயின், அதுவும் ஒரு தண்ணீர்ப் பந்தலே. அந்தக் கேள்வியை எங்கும் எவரிடத்தும் கேட்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு மனத்தைத் தருக. கேட்டபின் செய்யும் வேலையைக் கவனமாகச் செய்யும் கையையும் தருக.