தாடியஸ் ஸ்ரீவன்ஸ்: மறுக்கவும் ஏற்கவும் அறிந்த மக்கட் பிரதிநிதி



அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த வரலாற்றிலே ஆபிரகாம் லிங்கனின் பெயரை அறியாதார் இலர். ஆனால், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சட்டத்தின் முன் சமத்துவம் வேண்டுமென்று பிரதிநிதிகள் சபையில் ஓயாது வாதாடிய தாடியஸ் ஸ்ரீவன்ஸை அறிந்தோர் சிலரே. அவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

1792-ம் ஆண்டு வெர்மொன்ற் மாநிலத்தில், ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாயின் உழைப்பே மைந்தனைக் கல்லூரிவரை உயர்த்தியது. பென்சில்வேனியாவிற் சட்டத்தரணியாகப் புகழ்பெற்று, 1833-ல் அம்மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். ஏழைப் பிள்ளைகளும் கற்க வழிசெய்த பொதுப் பாடசாலைச் சட்டம் 1834-ல் நிறைவேறியது. வரிச்சுமையைக் காட்டி அடுத்த ஆண்டே அதனை ஒழிக்கப் பலர் முனைந்தனர். 1835 ஏப்ரலில் ஸ்ரீவன்ஸ் ஆற்றிய உரை அச்சட்டத்தைக் காத்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பு, வாக்குரிமை வெள்ளையருக்கே உரியது என்று வரையறுத்தது. அதனை வகுத்த மாநாட்டில் ஸ்ரீவன்ஸும் ஓர் உறுப்பினர். அவரோ அதிற் கையொப்பமிட மறுத்தார்.

1849-ல் முதன்முறையாகவும், 1859-ல் மீண்டும் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். உள்நாட்டுப் போரின்போது நிதிக்குழுவின் தலைவராகிப் போருக்கு வேண்டிய பணத்தைத் திரட்டினார். 1863-ல் தென்னகப் படையினர் அவருடைய இரும்பாலையை எரித்தனர். அவருடைய கொள்கை எரியவில்லை.

போர் முடிந்தபின், 1866-ல், பதினான்காவது திருத்தம் சபைக்கு வந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை அது எல்லோர்க்கும் உறுதி செய்தது. ஆயின் கறுப்பினத்தார்க்கு வாக்குரிமையை நேராக வழங்கவில்லை. ஸ்ரீவன்ஸ் மனம் வெதும்பினார். எனினும், தாம் தேவர்களிடையே அன்றி மனிதர்களிடையே வாழ்வதாகக் கூறி, அதனை ஆதரித்தார்.

அன்று மறுத்தவர் இன்று ஏற்றது முரண்பாடன்றோ என்று கேட்பீர்கள். அன்று, முரண்பாடன்று! முன்னது இருந்த உரிமையைப் பறித்தது. பின்னது வேண்டிய அளவு தராவிடினும், உரிமைக்கு அடித்தளம் இட்டது. பறிப்பதற்கு உடன்படாமையும், தருவதைப் பெற்று மேலும் கேட்டலுமே அவர் கண்ட அரசியல்.

அவர் மேலும் கேட்கவே செய்தார். விடுதலை பெற்ற ஆடவர் ஒவ்வொருவர்க்கும் நாற்பது ஏக்கர் நிலம் வேண்டுமென்று 1867-ல் சட்டமூலம் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. ஜனாதிபதி அன்றூ ஜோன்சனைப் பதவி நீக்கும் முயற்சியும் 1868-ல் செனற் சபையிலே ஒரே வாக்கினாற் தோற்றது. நோயுற்றுத் தளர்ந்த ஸ்ரீவன்ஸை அந்நாளில் நாற்காலியில் வைத்தே சபைக்குத் தூக்கி வந்தனர்.

1868 ஆகஸ்ட் 11-ல் அவர் மறைந்தார். இனவேறுபாடு பாராட்டும் மயானங்களை ஒதுக்கி, எவ்வினத்தாரையும் ஏற்ற சிறு மயானமொன்றையே தம் உடலுக்குத் தேர்ந்திருந்தார். அக்காரணத்தைக் கல்லறையிலும் பொறிக்கச் செய்தார்.

1877-க்குப் பின் தென்னகத்திற் கறுப்பினத்தாரின் உரிமைகள் மீண்டும் நசுக்கப்பட்டன. ஆனால் திருத்தம் ஏட்டில் நின்றது. 1954-ல், பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதற்கு ஆதாரமானது ஸ்ரீவன்ஸ் மனக்குறையோடு ஏற்ற அத்திருத்தமே!

மக்கட் பிரதிநிதி எதனை மறுக்க வேண்டும், எதனை ஏற்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.