சொல்லிட்டுப் போவோம்

நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்றேன்.

என் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. எட்டு வயசில் ஒரு பெண் குழந்தை. பிள்ளை அம்மாகிட்ட இருக்கணும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா வந்து பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு. அம்மாவும் மகளும் என் வீட்டில்தான் இருந்தாங்க. போன வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தங்கச்சிக்கு வேலை கிடைச்சது. நூறு நாள் வேலையை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? அவரோ, "நீ எங்க வேணா போ, பிள்ளையை விட்டுட்டுப் போ"ன்னுட்டார்.

தப்பான யோசனை சொன்னது நான்தான். "ராத்திரி பஸ்ஸில் பிள்ளையோட கிளம்பு, பிறகு பார்த்துக்கலாம்"னேன். துணி எடுத்து வைக்கும்போது பிள்ளை கேட்டுச்சு: "பெரியம்மா, ஞாயித்துக்கிழமை அப்பா வந்தா நான் இல்லேன்னு யாரு சொல்லுவா?" எனக்குப் பதில் வரலை.

அன்னைக்குச் சாயங்காலம் குழுக் கூட்டம். விஷயத்தைக் கேட்டதும் ஊக்குநர் அக்கா சத்தம் போட்டாங்க. "உத்தரவு இருக்கும்போது சொல்லாமப் போனா, கோர்ட்டை மீறினதா ஆகும். பிள்ளையே கையை விட்டுப் போயிடலாம்"னாங்க. மறுநாளே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

சம்பளம் எவ்வளவு, வீடு எங்கே, எந்த ஸ்கூல், அம்மா ஷிப்டுக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்குவா, அப்பா எப்படி வந்து பார்ப்பார்? எல்லாத்தையும் வக்கீலம்மா கேட்டு எழுதி மனு போட்டாங்க. 1956-இல் வந்த இந்து காப்பாளர் சட்டத்திலேயே பிள்ளையின் நலன்தான் முக்கியம் என்று இருக்கிறதாம். நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

நாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ளே அந்த வேலை போயிடுச்சு. ஆனால் அனுமதி கிடைச்சது. மாசம் இரண்டு ஞாயிறும், கோடை லீவில் பாதியும் அப்பாகிட்ட. தினமும் ராத்திரி போனில் முகம் பார்த்துப் பேசணும். வேறே கம்பெனியில் வேலை தேடிக்கிட்டா. வீட்டு அட்வான்சுக்கு நம்ம குழுக் கடன்தான் கைகொடுத்தது.

எல்லாருக்கும் இப்படியே தீர்ப்பு வரும்னு நான் சொல்லலை. அடி, உதை, உயிர் பயம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 181-க்குச் சொல்லுங்க, கோர்ட்டிலும் சொல்லுங்க. மற்றபடி, கோபம் நம்ம ரெண்டு பேருக்குள்ளே. பிள்ளைக்கு ரெண்டு பேரும் வேணும். போகணும்னா போவோம், சொல்லிட்டுப் போவோம்.