காற்றுச் செடியும் கருடன் கிழங்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். "அக்கா, மண்ணே வேண்டாமாம். காத்தைக் குடிச்சே வளருமாம். வீட்டுக்குள்ள தொங்கவிடுற செடி விக்கிறாங்க. உள்கடன் எடுத்து, வாங்கி விக்கலாமா?" அன்று நேரமில்லை. இன்று பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய ஒரு கிழங்கின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பயர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். காலையில் அவர் சைக்கிளை எடுத்ததிலிருந்து சாயந்திரம் திரும்புகிற வரைக்கும் நமக்கு உயிர் நம்மிடம் இருக்காது. இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் அத்தை ஒரு ஆடி மாதம் திருவிழாவுக்குப் போய்விட்டு, ஆகாச கருடன் கிழங்கு வாங்கி வந்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டி நிலையில் தொங்கவிட்டார்கள். தண்ணீர் கிடையாது, மண் கிடையாது. பத்துப் பதினைந்து நாளில் கொடி விட்டது! அத்தைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "எம் பிள்ளைக்கு ஒண்ணும் வராது" என்றார்கள்.

பங்குனியில் அந்தக் கொடி வாடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கிழங்கு சுருங்கிக் கிடக்கிறது. அத்தை வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னைக்குப் போகாத அய்யா" என்று ஒரே அழுகை. அன்றைய கூலி போனது. மறுநாள் அவர் போனார். நான் அடுப்பைப் பற்ற வைக்காமல் சாயந்திரம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாக வந்து சேர்ந்தார்.

அன்று ராத்திரி கிழங்கை அரிவாள்மனையில் வைத்து வெட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தோல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் அடுக்களை மூலையில் கிடக்கிற சேனைக்கிழங்கும் வெங்காயமும் மண்ணில்லாமல் முளை விடவில்லையா? கருடன் கிழங்கும் அதே கதைதான். அது பாகல், கோவை குடும்பத்துக் கொடி. வறண்ட காடுமேடுகளில் படரும். மழையில்லாத மாதங்களுக்கென்று கிழங்குக்குள் தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும். தொங்கவிட்டால் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் துளிர்க்கிறது. போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் பாஸ் புத்தகத்தில் என்ன மிஞ்சும்? அதே கணக்குதான். வாசலில் தலைகீழாகக் கட்டுகிற கற்றாழையும் மடலில் உள்ள தண்ணீரை வைத்துத்தான் மாதக் கணக்கில் தாக்குப் பிடிக்கிறது.

ஆகவே, கிழங்கு காய்ந்தால் கெட்ட சகுனம் இல்லை. சேமிப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். கட்டுவது உங்கள் நம்பிக்கை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்காரரைக் காப்பது அது இல்லை. பருத்தி உடுப்பு போட்டாரா, விதிப்படி உள்ள ஆட்களுக்கு மேல் அறையில் ஆள் உட்கார வைத்தார்களா என்று நான் இப்போது தினமும் கேட்கிறேன்.

இனி தங்கச்சி கேட்ட செடிக்கு வருவோம். அதன் பெயர் டில்லாண்ட்சியா. அமெரிக்கக் கண்டத்தில் மரக்கிளையிலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. அன்னாசிப்பழக் குடும்பம். இதற்கு வேர் பிடிமானத்துக்கு மட்டும்தான். இலை மேல் உள்ள சிறு செதில்கள் வழியாகத் தண்ணீரைக் குடிக்கும். ஆக, இதுவும் காற்றை மட்டும் குடித்து வாழாது. நம் ஊர்க் கோடைக் காற்றில் ஈரம் ஏது? தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும்.

வளர்க்கும் முறை இதுதான்:

வாரம் 2 முறை, காலையில், ஒரு சட்டித் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் முக்கி வையுங்கள். எடுத்துத் தலைகீழாக உதறிக் காற்றாட உலர விடுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

மழைத் தண்ணீர் நல்லது. உப்புத் தண்ணீர் இலையில் வெள்ளையாகப் படிந்து செடியைக் கெடுக்கும்.

ஜன்னல் ஓரம் வெளிச்சம் போதும். மத்தியான வெயிலும் தகரக் கூரைச் சூடும் ஆகாது.

சிரட்டை, கருவேலங்கட்டை, பனையோலைக் கொட்டான் எதில் வைத்தாலும் அழகுதான். சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். செம்புக் கம்பி வேண்டாம், செம்பு அதற்கு விஷம். மூடி போட்ட பாட்டிலும் வேண்டாம்.

வேலைக்குப் போய் வந்த உடுப்பைச் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். மருந்துத் தூசி படிந்தால் இலை பாழாகும். பிள்ளைகளுக்கும் அது ஆகாது. அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும். பிறகு வாழை மாதிரி பக்கக் கன்று விடும். கன்று தாயில் பாதி அளவு வந்ததும் பிரித்துக் கட்டலாம்.

"வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்" என்றும் சொல்லி விற்பார்கள். 1989-இல் அமெரிக்காவின் நாசா செய்த சோதனையைக் காட்டுவார்கள். அது காற்றுப் புகாத பெட்டிக்குள் செய்த சோதனை. 2019-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 செடியாவது வைக்க வேண்டும் என்று கண்டார்கள். வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்குமா? ஜன்னலைத் திறந்தால் போதும்.

இன்னொரு விஷயம். விறகுக்குப் போகிற இடத்தில் மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடியைப் பார்த்தால் பிய்த்து வராதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து செடி எடுப்பது குற்றம். கருடன் கிழங்கும் காட்டில் தோண்டத் தோண்டக் குறையும். ஒன்றை வாங்கினால் பச்சையாக இருக்கும்போதே மண்ணில் வையுங்கள், வேலியில் படரட்டும். எங்கள் வீட்டில் அடுத்து வாங்கிய கிழங்கை அத்தையே தொட்டியில் நட்டார்கள்.

தங்கச்சி, உனக்குப் பதில் இதுதான். கடன் எடுக்காதே. கைக்காசில் 2 செடி வாங்கு. ஒரு சித்திரை, ஒரு வைகாசி தாண்டுகிறதா பார். கன்று விட்டால் அதை விற்றுப் பார். வாங்குகிறவரிடம் "தண்ணீர் ஊற்றணும்" என்று சொல்லி விற்றுவிடு. அப்படிச் சொல்லியும் வாங்குகிறார்கள் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கடன் கேள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.