வகைமை வேலியா, வழியா?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘புனைகதை எழுதுவோர் ஒரே வகைமையில் நிற்றல் வேண்டுமா?’ என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. கவிஞர் நிறைந்த அவையாதலின் சங்க இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்கள் திணைக்கு நூறாகப் பாடினர். குறிஞ்சி கபிலர்க்கு உரியதாயிற்று. குறிஞ்சி என்றாலே கபிலர் என்று நாமும் பெயர் சூட்டிவிட்டோம். ஆயினும் அதே கபிலர்தாம் பாரியை இழந்த துயரைப் புறநானூற்றில் பாடினார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் போற்றினார். பெயர் நாம் இட்டது. அதற்குள் அவர் அடங்கிவிடவில்லை.

இனிப் புனைகதைக்கு வருவோம். 1906இல் பிறந்து 1948இல் மறைந்த புதுமைப்பித்தனை நோக்குங்கள். ‘பொன்னகரம்’ நடப்பியல் கதை, ‘சாபவிமோசனம்’ புராணத்தின் மறுபடைப்பு, ‘காஞ்சனை’ பேய்க்கதை, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அங்கதம். இம்மாற்றங்கள் வெறும் விளையாட்டா? அல்ல. ‘பொன்னகர’த்து அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்கத் தன்னையே விற்கிறாள். கற்பு என்னும் சொல்லை வறுமையின் முன் நிறுத்தி வினவும் கதை அது. அந்த வினாவை இராமனிடமே கேட்க வேண்டுமாயின் சென்னையின் சந்து போதாது, காவியத்திற்குள்தான் புகவேண்டும். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். வினா ஒன்று, அது சென்றடைய வேண்டிய இடம் வேறு. ஆகவே வகைமையும் வேறாயிற்று.

‘அப்படியாயின் ஒன்றிலேயே ஊன்றி நிற்பது குறையா?’ என்று கேட்பீர்கள். குறையன்று. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணை விட்டு அகலாமலே ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவரும் அந்த ஒரு மண்ணைச் சிறுகதையாக, நாவலாக, நாட்டார் கதைத் தொகுப்பாக, வட்டார வழக்கு அகராதியாகப் பல உருவில் தந்தார். நிற்பதும் நகர்வதும் எழுத்தாளர் உரிமை. நாம் அஞ்ச வேண்டியது ஒன்றே: வாசகர் கைதட்டிய இடத்தைவிட்டு நகர அஞ்சி நிற்பது.

அந்த அச்சத்தை நானே ஒருத்திக்கு ஊட்டியிருக்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி குடும்பக் கதைகளை அழகாக எழுதுவாள். ஒருநாள், பாழ்கிணற்றிலிருந்து இறந்த மருமகளின் குரல் கேட்பதாக ஒரு கதை எழுதி வந்தாள். ‘உனக்குக் கைவந்தது குடும்பக் கதையம்மா, பேய்க்கதையில் திறமையை வீணாக்காதே’ என்றேன். தலையசைத்துச் சென்றாள். பின்னர் எந்தக் கதையையும் அவள் என்னிடம் கொண்டுவரவில்லை. அதே பருவத்தில்தான் நான் வகுப்பில் ‘காஞ்சனை’யைப் பாராட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்! உயிரோடிருந்தபோது பேச இடம்பெறாத ஒரு பெண்ணைப் பேசவைக்க அம்மாணவி கண்ட வழியே அந்தப் பேய் என்பது எனக்குக் காலந்தாழ்ந்தே விளங்கிற்று.

புதிய வகைமைக்குள் புகுவோர் அதன் இலக்கணத்தைக் கற்றே புகவேண்டும். துப்பறியும் கதையில் தடயம் பிசகினால் நடையழகு காப்பாற்றாது. இது எழுதுவோர் கடமை. நம் கடமையும் ஒன்றுண்டு. நாளை இவ்வட்டத்தின் கூட்டத்தில் ஒரு கவிஞர் அறிவியல் கதையோடு வந்தால், ‘உமக்கேன் இந்த வேலை?’ என்று கேளாதிருப்போம். ‘சொல்லவந்த பொருள் இவ்வடிவத்தை வேண்டிற்றா?’ என்று மட்டுமே கேட்போம். அன்று நான் அம்மாணவியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.