ஐரோப்பியப் பட்டணத்தில் ஒரு பகல் நடை

(பொட்டிபுரத்தில் பேசியது)



நாங்கள் சீமைப் பட்டணம் சுற்றிப் பார்த்ததைப் பற்றிப் பேசுவதாகத் துண்டு விளம்பரத்தில் போட்டிருக்கிறது. சீமை என்றதும் நாங்கள் கப்பலேறிப் போய் வந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். 1931-ஆம் வருஷம் டிசம்பரில் பெரியார் அவர்கள் சென்னையில் கப்பலேறி, ஏறக்குறைய ஒரு வருஷ காலம் ஐரோப்பிய தேசங்களைப் பார்த்துவிட்டு 1932 கடைசியில் திரும்பினார். அவ்வளவு தூரம் போவதற்கு நம்மிடம் காசும் இல்லை. ஏலத் தோட்டத்தில் லீவும் இல்லை. ஆகையால் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்க்கக்கூடிய ஐரோப்பியப் பட்டணம் எதுவென்று யோசித்துப் புதுச்சேரிக்குப் போய் வந்தோம். போனவர்கள் ஆறு பேர். அதில் இருவர் தோட்ட வேலைக்காரர். மதுரையில் இரவு ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, விடிகாலையில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று முழுவதும் நடைதான்.

கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் பிரமாதமாக இருக்கின்றன என்பது வாஸ்தவம். நூல் பிடித்தாற்போல் தெரு; மஞ்சள் பூசிய உயர்ந்த மதில்; மதிலுக்கு மேல் காகிதப்பூ. இந்த நேர்த் தெருக்களுக்கு அடிப்படைத் திட்டம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கூட அல்ல, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். 1761-இல் இங்கிலீஷ்காரர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் காண்பதெல்லாம் அதற்குப் பிறகு கட்டியதே. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. வந்தவர்களெல்லாம் அந்தத் தூணில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதில் ஒன்றும் குற்றமில்லை.

ஆனால் மதிலைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாதல்லவா? மதில் தெருவிலிருந்து மேற்கே நடந்தால் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. இன்று அது வெறும் சாக்கடை. அன்று அதுவே எல்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தது வெள்ளையர் பட்டணம். மேற்கே கறுப்பர் பட்டணம். பிரெஞ்சுக்காரர் 1789-இல் புரட்சி செய்து, மனிதரெல்லாம் பிறவியில் சமம் என்று உலகத்துக்கே பறையறைந்தவர்கள். அந்தச் சமத்துவம் கப்பலேறி இவ்வளவு தூரம் வந்து, வாய்க்காலைத் தாண்ட மட்டும் முடியாமல் நின்றுபோயிற்று!

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வாய்க்காலைத் தாண்டி நம்மவர் பக்கம் வந்தால், தெருப் பலகையிலேயே செட்டித் தெரு, வேளாளர் வீதி, வைசியாள் வீதி என்று போட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் வெட்டியது ஒரு வாய்க்கால். நாம் தெருவுக்குத் தெரு வெட்டி வைத்திருந்தோம்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் என்று ஒரு வெள்ளை மண்டபம் இருக்கிறது. அதற்கு வழங்கும் கதை வெகு ரசமானது. கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் வந்தபோது விளக்கு ஜொலிக்கிற ஒரு கட்டடத்தைக் கண்டு, கோயிலென்று நினைத்துக் கும்பிட்டாராம். பிறகு அது ஆயி என்ற தாசியின் வீடென்று தெரிந்ததும், இடிக்கச் சொல்லி உத்தரவிட்டாராம். விளக்கைக் கண்டால் விசாரிக்காமல் கும்பிடுவது, விசாரித்த பிறகு வீட்டை இடிப்பது. ராஜாவின் புத்தி எப்படி இருக்கிறது பாருங்கள்! அவளோ தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குத் தண்ணீர்க் குளம் வெட்டினாளாம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தபோது, பிரெஞ்சுக்காரர் அவள் நினைவாக மண்டபம் கட்டினார்கள். கதை நிஜமோ பொய்யோ, தண்ணீர் நிஜம்.

அடுத்து மிஷன் வீதியில் சம்பாக் கோயில் என்று ஜனங்கள் அழைக்கும் மாதா கோயிலுக்குப் போனோம். இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. இதற்கு முன்பிருந்த கோயிலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் டூப்ளே துரையிடம் துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதியவர். 1745-ஆம் வருஷத்துக் குறிப்பில் வருகிற சங்கதி இது: கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு பக்கம் மேல்ஜாதிக் கிறிஸ்தவர், மறு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். ஒரே சாமி, ஒரே பாதிரி, நடுவில் சுவர்! தாழ்த்தப்பட்டவர்கள் திரண்டு போய்ப் பாதிரியிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மேல்ஜாதிக் கிறிஸ்தவர்களுக்குக் கோபம் வந்து பாதிரிமாரோடு சண்டைக்குப் போனார்கள். மூன்று வருஷம் கழித்து, 1748-இல், அதே பாதிரிமாரின் விருப்பப்படி பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலையே டூப்ளே காலத்தில் இடித்துத் தள்ளினார்கள். இரண்டும் இடிப்புத்தான், ஆனால் முதலாவது, மிதிபட்ட மக்கள் கேட்டு நடந்தது, இரண்டாவது, ஒரு மதத்தின் அதிகார வெறியால் நடந்தது. இரண்டையும் ஒன்றென்று நாங்கள் சொல்லமாட்டோம்.

தோழர்களே! அன்று நாங்கள் நடந்ததில் எங்களை அதிகம் நிறுத்தி வைத்தது எந்தக் கட்டடமும் அல்ல, ஒரு ஜோடிப் பூட்ஸ்தான். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று புதுச்சேரியில் ஒரு வக்கீல் இருந்தார். நம்மவர் ஐரோப்பியப் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிஸ்தலத்துக்குள் நுழையக்கூடாது என்பது அங்கே வழக்கம். 1873-இல் அவர் பூட்ஸ் காலோடு உள்ளே போனார். நீதிபதி தண்டனை விதித்தார். அவர் சும்மா இருக்கவில்லை; பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881-இல் ஒரு பிரெஞ்சு உத்தரவு வந்தது. பரம்பரை ஜாதி வழக்கச் சட்டம் எனக்கு வேண்டாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம்; புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அவர் அப்படிக் கையெழுத்திட்டு 'லா போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவருக்குப் பின்னால் அந்தக் கதவு வழியாகத் தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களுமாகப் பலர் போனார்கள்.

பூட்ஸுக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பீர்கள். எங்களோடு வந்த தோட்டத் தோழர் இந்தக் கதையைக் கேட்டதும் தெரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தகப்பனார், இங்கேயிருந்து வெகு தூரமில்லாத ஓர் ஊரில், மேல்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே கடைசி வரை நடந்தவர். எந்த ஊர் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். நம்முடைய இந்த மலைக்கு அப்பால் உள்ள மலையாள தேசத்தில்தான் வைக்கம் இருக்கிறது. அங்கே 1924-இல் போராட்டம் நடந்ததே, அது கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு! நாய் நடந்தது, மாடு நடந்தது, மனிதன் நடக்க ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. ஊர் சுற்றிப் பார்ப்பதென்பது வேடிக்கைக் காரியமல்ல என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. தடையில்லாமல் ஒரு தெருவில் நடப்பதே பலருக்குப் புது உரிமை.

மத்தியானம் விடுதியொன்றில் அறை கேட்டபோது, பெயரும் ஊரும் எழுதிக்கொண்ட பிறகு, "நீங்களெல்லாம் யாரு, என்ன ஆளுங்க?" என்று நயமாகக் கேட்டார்கள். "நடந்து வந்த ஆளுங்க" என்றோம். அறையில்லை என்றார்கள். நல்லதாயிற்று, அந்தப் பணத்தில் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுவிட்டுப் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். பெருமாள் பெயர் கொண்ட தெருவில் அவர் இருந்துகொண்டு எழுதியதையெல்லாம் நினைத்தால் பெருமாளுக்குத்தான் சங்கடம்.

மாலையில் திரும்பும்போது பஞ்சாலைப் பக்கம் வந்தோம். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று ஆலைகள் அங்கே இருந்தன. இன்று மூன்றும் ஓடவில்லை. 1936-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி, கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டு நின்ற தொழிலாளிகளைப் பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையா முதலியோர் விடவில்லை. 1937-இல் பிரெஞ்சு சர்க்கார் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. அப்போது எல்லைக்கு இப்புறம், பிரிட்டிஷ் சர்க்காரின் 1934-ஆம் வருஷத்து ஆலைச் சட்டப்படி, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். எட்டு மணி என்பது பாரிசிலிருந்து தானாக வந்த தானமல்ல.

அந்த ஆலை மதிலருகே நின்றபோது, செருப்புக் கதை சொன்ன அதே தோழர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். "நம்ம பொம்பளைங்க இருட்டோட ஜீப்புல ஏறுறாங்க. போடிமெட்டு தாண்டித் தோட்டம் போயி, காய் எடுத்துட்டு, திரும்ப இறங்கி வீடு வந்து சேர இருட்டிருது. எட்டு மணிங்கிறது எங்கிருந்து எண்ணணும்? ஜீப்புல ஏறுனதுல இருந்தா, செடிகிட்டப் போனதுல இருந்தா?" என்றார்.

எங்களில் படித்தவர்கள் மூவர் இருந்தோம். மூவருக்கும் பதில் வரவில்லை. அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது. அந்தத் தோட்டத் தோழர் இதோ இந்த மேடையிலேயே இருக்கிறார். காலை ஜீப்பில் போய் இறங்கி வந்த தாய்மார்களும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மணிக்கணக்கை இனி அவர்களே சொல்வார்கள். நாங்கள் உட்காருகிறோம்.